பித்தளை மைக்கூடு: புளி போட்டுத் தேய்க்கலாமா?

மயிலாப்பூர் வீட்டுப் பரணில் கிடைத்த தாத்தாவின் பித்தளை மைக்கூட்டைப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாங்க! குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு அந்தப் பழுப்பு நிறம்தான் மதிப்பே. பளபளவென்று ஆக்கிவிட்டால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள்.

பச்சை படிந்த இடத்தை மட்டும் மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். உள்ளே கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் தனியே எடுத்து, வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள். அந்தக் காலத்து இரும்பு உப்பு கலந்த மை அமிலத்தன்மை உள்ளது, பித்தளையை அரிக்கும். கிண்ணம் வைத்ததே அதற்காகத்தான். நன்றாகக் காயவைத்து, தேன்மெழுகு லேசாகப் பூசுங்கள். நம்ம ஊர் உப்புக்காற்று சும்மா விடாது.

பாஸ்டனில் இருக்கும் மகளுக்கு அனுப்பும் யோசனையா? நூறு வயதைத் தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. வயது குறைவு என்றால் இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.