சுக்குக் கஷாயம் மறுநாளே புளிக்கிறதா?

யாங்கூன் வாசகி ஒருவர் கேட்கிறார்: ‘இருமல் சிரப் விலை கட்டுப்படியாகவில்லை. சுக்குக் கஷாயத்தை மொத்தமாகக் காய்ச்சி வைத்தால் மறுநாளே நுரைத்துப் புளிக்கிறது. நாலு வயது மகன் காரம் தாங்காமல் துப்புகிறான். எட்டு மாதக் கைக்குழந்தைக்கும் கொடுக்கலாமா?’

வெல்லம் கலந்த தண்ணீர் இந்த வெக்கையில் புளிக்காமல் என்ன செய்யும்? பதநீர் கள்ளாவதும் இப்படித்தான். கரண்ட் வந்து வந்து போகிற ஊரில் ஃபிரிட்ஜையும் நம்ப முடியாது. பொடியாக இடித்து வையுங்கள், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

சுக்கு 50 கிராம், மல்லி விதை 50 கிராம், மிளகு 10 கிராம். சுக்கின் மேல்தோலைச் சுரண்டி நசுக்குங்கள். மல்லியையும் மிளகையும் வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, நன்றாக ஆறவிட்டு இடியுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் பொடி கெட ஈரக் கரண்டி ஒன்றே போதும்.

இரண்டு தம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி. ஒரு தம்ளராகச் சுண்டட்டும். அடுப்பை அணைத்தபின் நாலைந்து துளசி இலையைக் கிள்ளிப் போட்டு மூடுங்கள். கூடவே கொதித்தால் வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். இனிப்புக்குச் சந்தையில் கிடைக்கும் பனைவெல்லமே நல்லது. தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், மணல் தங்கும்.

மகனுக்குப் பாதிக்குப் பாதி வெந்நீர் கலந்து, இளஞ்சூட்டில் இரண்டு டீஸ்பூன். ராத்திரி இருமலுக்குப் படுக்குமுன் அரை டீஸ்பூன் தேன் போதும். இதெல்லாம் தொண்டைக்கு இதம்தான். சளி போக ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

கைக்குழந்தைக்குக் கஷாயம் வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை தேனை நாக்கில் தடவவும் கூடாது. அதிலிருக்கும் கிருமி வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். கற்பூர எண்ணெயும் கூடாது, வெந்நீர்ச் சட்டி ஆவியும் கூடாது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்குக் கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் முக்கால் டீஸ்பூன் உப்பு கரைத்து, பால் கொடுக்குமுன் மூக்கில் இரண்டிரண்டு சொட்டு விடுங்கள். தினமும் புதிதாகக் கரையுங்கள்.

தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். கைக்குழந்தைக்கு 50, மகனுக்கு 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் யாருக்காவது இருமல் இரண்டு வாரம் தாண்டினால் டிபி பரிசோதனை செய்துவிடுங்கள்.