மிசோரம் போய் வந்தவருக்குக் குளிர்காய்ச்சல்: டைபாய்டா, மலேரியாவா?

கேள்வி: சங்ககிரியில் இருக்கிறோம். கணவர் லாரி டிரைவர். மிசோரமில் வங்கதேச எல்லைப் பக்கம் மூன்று வாரம் லோடுக்குக் காத்துக் கிடந்து வந்தார். குளிர்காய்ச்சல். மெடிக்கலில் வாங்கிய செட் மாத்திரையில் விட்டது, மறுபடி வந்துவிட்டது. லேபில் டைபாய்டு என்கிறார்கள். மலேரியாவாக இருக்குமா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

பதில்: மலேரியாவாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சேலம் அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். போனதும் "மிசோரம் போய் வந்தவர்" என்று சொல்லுங்கள். பல இடங்களில் அதைக் கேட்பதே இல்லை. மலேரியாவில் ஃபால்சிபேரம், வைவாக்ஸ் என்று வகைகள் உண்டு. ஃபால்சிபேரம் என்றால் எங்கே போய் வந்தார் என்பதை வைத்துத்தான் மருந்தே. வடகிழக்கில் பழைய கூட்டு மருந்து பலிக்காமல் போனதால் அங்கே கொடுப்பது ஆர்டிமீத்தர்–லுமிஃபான்ட்ரின்: 3 நாள், 6 வேளை, வெறும் வயிற்றில் இல்லாமல் பாலோடு அல்லது சாப்பாட்டோடு.

செட் மாத்திரையை இனி தொடாதீர்கள். பாராசிட்டமால், வலி மாத்திரை, சில கடைகளில் ஸ்டீராய்டும் சேர்த்து மடித்துக் கொடுப்பார்கள். சூடு இறங்கும், கிருமி உள்ளே பெருகிக்கொண்டே இருக்கும். டைபாய்டுக்கு லேபில் பார்க்கும் விடால் டெஸ்ட் மலேரியாக்காரருக்கும் பாசிட்டிவ் காட்டுவதுண்டு. அந்த ஒரு தாளை நம்பி ஊசி போடப் பணம் கட்டவேண்டாம். மலேரியாவுக்கு விரலில் குத்தி ரத்தத் தடவல் (ஸ்லைடு) எடுக்கட்டும், உடனே முடிவு காட்டும் கார்டு டெஸ்டும் பார்க்கட்டும். நெகட்டிவ் வந்தும் காய்ச்சல் விடவில்லையா, மறுநாள் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஸ்லைடு முடிவு 24 மணி நேரத்தில் வரவேண்டும். நாள்கணக்கில் இழுத்தடித்தால் போய் நின்று கேளுங்கள். காய்ச்சல்காரர் எத்தனை நாள் காத்திருப்பார்? உளறல், மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல் எது தெரிந்தாலும் உடனே அட்மிட்.

வைவாக்ஸ் வகை என்றால் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். ஐந்தாம் நாளே தெம்பு வந்துவிட்டதென்று பிரைமாகுயினை நிறுத்துகிறார்கள். ஈரலில் பதுங்கிய கிருமி மாதங்கள் கழித்து எழும்பும். இதில் ஒரு விலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரை ரத்த அணுக்களை உடைக்கும். முடிந்தால் முன்பே அந்த டெஸ்ட் பாருங்கள். மாத்திரை தொடங்கியபின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அப்போதே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடவே கூடாது.

தொட்டால் ஒட்டாது, கொசு வழியாகத்தான் பரவும். குணமாகும்வரை அவர் கொசுவலைக்குள் தூங்கட்டும். நம் ஊரில் மலேரியா கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மாடித் தொட்டியின் மூடி இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று ஏறிப் பாருங்கள்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போவதாக இருந்தால் மருந்து தடவிய கொசுவலை கேபினில் இருக்கட்டும். அங்கே காட்டோரக் கொசு நடுராத்திரியில், வெளியிலும் கடிக்கும்; தார்ப்பாய்க்கடியில் படுப்பது ஆகாது. ஆறு வாரத்துக்குள் திரும்புவதானால், மலேரியா வராமல் தடுக்க டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று: கிளம்ப 2 நாள் முன்பே தொடங்கி, வீடு வந்தபின்னும் 4 வாரம். டாக்டர் சீட்டோடு மட்டும் வாங்குங்கள்.