மூளையின் கொலஸ்ட்ராலை ரத்தத்தில் பார்க்க முடியுமா?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பத்தாவுக்கு மறதி, லிப்பிட் டெஸ்டில் (ரத்தக் கொழுப்புச் சோதனை) கொலஸ்ட்ராலும் அதிகம், இரண்டுக்கும் தொடர்பா என்று.

அந்த ரிப்போர்ட்டில் மூளையின் கணக்கு வராது. உடலின் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய கால் பங்கு மூளையில்தான் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஓடுவது உள்ளே போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நம்ம ஊர் வீடு மாதிரிதான். முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு நாலாங்கட்டு அடுப்படியில் என்ன வேகிறது என்று தெரியாது. பின்வாசலில் வெளியே வருவதைப் பார்த்தால் ஊகிக்கலாம். மூளை மிஞ்சியதை 24எஸ்-ஹைட்ராக்ஸிகொலஸ்ட்ரால் என்ற பொருளாக மாற்றி ரத்தத்தில் தள்ளுகிறது, நாளுக்கு 6-7 மில்லிகிராம் அளவில். அதை, மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் அளக்கலாம்.

மூளை செல்கள் அழியும் பரம்பரை நோயான ஹன்டிங்டனில் இது குறைகிறது. மறதி நோயான அல்சைமரில்தான் குழப்பம்: சில ஆய்வுகளில் கூடுதல், சிலவற்றில் குறைவு. அதை வெளியேற்றுவது கல்லீரல் என்பதால், அது கெட்டாலும் அளவு மாறும். இந்த டெஸ்டுக்காக மதுரைக்கு அலையாதீர்கள்; மறதிக்கு பி12 வைட்டமின் குறைவும் தைராய்டு கோளாறும் காரணமாகலாம், முதலில் அவற்றைப் பாருங்கள்.

ரத்தச் சோதனை நிஜமாகவே கைகொடுக்கும் நோய் ஒன்று உண்டு: செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமடோசிஸ் என்ற அரிய பரம்பரை நோய். சின்ன வயதிலேயே கண்புரை, குதிகாலுக்கு மேலே தசைநாணில் கட்டி, பிறகு தள்ளாட்டம். ரத்தத்தில் கொலஸ்டனால் என்ற, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்பு ஏறியிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்து கீனோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்ற பித்த அமில மருந்தைக் கொடுத்தால் நோய் மட்டுப்படும்.