வாசகர் கேள்விகள்: கதிர்வீச்சை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி: என் தங்கை எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறாள். சட்டையில் ஒரு பேட்ஜ் மாட்டியிருக்கிறாள், சில மாதங்களுக்கு ஒருமுறை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் பேட்டரிகூட இல்லையே, எப்படிக் கணக்கு வைக்கிறது?

பதில்: பேட்டரி தேவையே இல்லை. உள்ளே லித்தியம் ஃப்ளோரைடு போன்ற ஒரு படிகத்தின் சின்ன வில்லை இருக்கும். கதிர்வீச்சு பட்டதும் அதில் இருக்கிற எலக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து, படிகத்தில் இருக்கும் நுண்ணிய குறைகளில் போய் மாட்டிக்கொள்ளும், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆய்வகத்தில் அந்த வில்லையை எடுத்து 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு, வைத்திருந்த சக்தியை மங்கலான வெளிச்சமாக விட்டுவிடும். அந்த வெளிச்சத்தை ஒரு கருவி அளக்கும். வெளிச்சம் கூடினால் டோஸும், அதாவது பட்ட கதிர்வீச்சின் அளவும், கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றை உங்கள் தங்கையிடம் கட்டாயம் சொல்லுங்கள். பேட்ஜ் கவசம் அல்ல, எதையும் தடுக்காது. அதை டிராயரில் போட்டுவிட்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது, ஏனென்றால் அந்த மாதத்து டோஸை அப்புறம் யாராலும் திரும்பக் கண்டுபிடித்துத் தர முடியாது.

கேள்வி: குழந்தைக்குக் கொடுக்கும் பால் பவுடரின் பரிசோதனை அறிக்கையில் பொட்டாசியம்-40 என்று போட்டு, கிலோவுக்கு நானூறு பெக்கெரல் என்று இருந்தது. தூக்கமே வரவில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, எண்ணை மட்டும் பார்த்தால் யாருக்குமே வயிற்றைக் கலக்கும்.

ஒரு பெக்கெரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது, அவ்வளவுதான். பொட்டாசியம்-40 என்பது பொட்டாசியத்தில் இயல்பாகவே கொஞ்சம் கலந்திருக்கும் கதிரியக்க வகை, அதனால் இயற்கையில் கிடைக்கும் எந்தப் பொட்டாசியத்தை எடுத்தாலும் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 31 பெக்கெரல் இருக்கும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலாயிரத்துச் சொச்சம் பெக்கெரலோடுதான் நாம் எல்லோரும் நடமாடுகிறோம். உடம்புக்குத் தேவையானதற்கு மேல் வரும் பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும், சேர்ந்துகொண்டே போகாது.

சரி, அது பொட்டாசியம்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கனமான ஈயச் சுவருக்குள் ஒரு ஜெர்மேனியம் படிகம், அதைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்திருப்பார்கள், அதை ஒட்டி உங்கள் பால் பவுடர் டப்பா. மணிக்கணக்கில் அப்படியே வைத்திருந்து, வருகிற காமாக் கதிர் ஒவ்வொன்றின் ஆற்றலையும் பதிவு செய்வார்கள். அந்த ஆற்றல் வரைபடத்தில் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் அலகு) என்ற இடத்தில் கோடு எழுந்தால் அது பொட்டாசியம்-40. 662-இல் எழுந்தால் சீசியம்-137, அணு உலையிலோ அணுகுண்டிலோ பிறந்தது. அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியது இந்த சீசியம் வரியைத்தான்.

கேள்வி: எலும்பு ஸ்கேனுக்காக அப்பாவுக்குக் கதிரியக்க ஊசி போட்டார்கள். அது உடம்பிலேயே தங்கிவிடுமா?

பதில்: தங்காது. எலும்பு ஸ்கேனுக்குப் பெரும்பாலும் போடுவது டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுள், அதாவது இருக்கிற அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 6 மணி நேரம், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதிலும் ஒரு பகுதி சிறுநீரில் போயிருக்கும். அப்பாவை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இப்படிக் கதிரியக்க அணுவை உள்ளே அனுப்பி அது போகிற வழியை வெளியிலிருந்து பார்ப்பது பழைய யோசனை. 1923-இல் ஹெவெசி என்ற விஞ்ஞானி கதிரியக்க ஈயத்தைச் செடிக்குக் கொடுத்து அது வேரிலிருந்து எங்கே ஏறுகிறது என்று பார்த்தார், 1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது.

கேள்வி: கொஞ்சமே கொஞ்சம் கதிர்வீச்சு பட்டாலும் புற்றுநோய் வருமா? ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்களே.

பதில்: ஆளுக்கு ஆள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களையும், குண்டு விழுந்தபோது ஊரில் இல்லாதவர்களையும் சேர்த்துச் சுமார் 1,20,000 பேரை 1950-லிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். குண்டு விழுந்த நேரத்தில் எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் திரும்பியிருந்தீர்கள், நடுவில் சுவர் இருந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்டு, ஆளாளுக்கு டோஸ் கணக்கிட்டார்கள். வெந்த உடம்போடு வாழ்ந்தவர்கள் அந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இன்று உலகத்தில் எந்த எக்ஸ்ரே அறைக்கும் போடுகிற வரம்பில் அவர்கள் சொன்ன பதில்கள் இருக்கின்றன.

உடம்பு வாங்கும் டோஸை மில்லிசீவெர்ட் என்ற அலகில் சொல்வார்கள். 100 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் போனால் புற்றுநோய் கூடுவது தெளிவாகவே தெரிகிறது. அதற்குக் கீழே சிக்கல், ஏனென்றால் கதிர்வீச்சே படாதவர்களிலும் புற்றுநோய் நிறையப் பேருக்கு வருகிறது, அந்தக் கூட்டத்துக்குள் இந்தச் சின்ன அதிகரிப்பு மறைந்துவிடும். அதனால் டோஸ் குறையக் குறைய ஆபத்தும் அதே விகிதத்தில் குறையும், ஆனால் பூஜ்யமாகாது என்று வைத்துக்கொண்டு விதிகளை எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் 100 மில்லிசீவெர்ட் என்பது ஏறக்குறைய 200 பேரில் ஒரு கூடுதல் மரணம். ஒரு வயிற்று சி.டி. ஸ்கேன் சுமார் 10 மில்லிசீவெர்ட் வரை, மார்பு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழே. மருத்துவர் காரணம் சொல்லி சி.டி. கேட்டால் தயங்காமல் எடுங்கள். காரணம் சொல்லாவிட்டால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: அணுகுண்டுச் சோதனைத் தூசியை வைத்து மண் அரிப்பை அளக்கலாம் என்று படித்தேன். நிஜமா?

பதில்: நிஜம்தான். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த சோதனைகளில் கிளம்பிய சீசியம்-137 மழையோடு இறங்கி, களிமண் துகளில் இறுக ஒட்டிக்கொண்டது. அரை ஆயுள் 30 வருடம் என்பதால் இன்னும் அளக்கும் அளவுக்கு இருக்கிறது. யாரும் உழாத, அரிக்காத ஒரு இடத்தில் எவ்வளவு சீசியம், பக்கத்துச் சரிவு வயலில் எவ்வளவு என்று பார்ப்பார்கள். வயலில் குறைந்திருந்தால் மேல்மண் போய்விட்டது. சரிவின் அடிவாரத்தில் தோண்டினால் பெரும்பாலும் அந்த மண் அங்கே குவிந்து கிடக்கும், சீசியத்தோடு சேர்ந்தே.