அமெரிக்க செனட்டில் 54 பேர் ஆதரித்தும் ஒரு திருத்தம் எப்படித் தோற்கும்?

2013 ஏப்ரலில் நடந்ததைக் கேட்கிறீர்கள். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் விதியை விரிவாக்கும் திருத்தம் அது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. ஆனால் தேவைப்பட்டது 60. வேடிக்கை என்னவென்றால், அந்த 46-இல் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹாரி ரீடும் ஒருவர். திருத்தத்தை ஆதரித்தவர்தான், ஆனால் தோற்ற பக்கம் வாக்களித்தவர் மறுவாக்கெடுப்பு கோர முடியாது என்பதால், தோற்பது உறுதியானதும் 'இல்லை' என்று போட்டார்.

செனட்டில் விவாதத்துக்கு நேர வரம்பு கிடையாது. அதை முடித்து வைக்க, 1975 முதல் 100 பேரில் 60 பேர் சம்மதிக்க வேண்டும். 60 பேர் சேராவிட்டால், எதிர்ப்பவர்கள் பேசிக்கொண்டே இருந்து வாக்கெடுப்பைத் தடுக்கலாம். இந்த முட்டுக்கட்டைக்குப் பெயர்தான் பிலிபஸ்டர். 1957-இல் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். சட்டம் எப்படியோ நிறைவேறிவிட்டது, அது வேறு விஷயம். அவராவது கால் வலிக்க நின்றார். 1970-களில் வந்த ஏற்பாட்டின்படி, தடைபட்ட மசோதாவை ஓரமாக வைத்துவிட்டு அவை மற்ற வேலையைப் பார்க்கலாம். அப்புறம் யார் தொண்டை கிழியப் பேசுவார்? 'எதிர்ப்போம்' என்று சொல்லி அனுப்பினாலே போதும், மசோதா கிடப்பில் போய்விடும். எனக்கு எரிச்சல் இதில்தான்.

சரி, இந்த 60 பேர் விதியையே எடுத்துவிடலாமே? நியமனங்களுக்கு எடுத்துவிட்டார்கள்: 2013-இல் ஜனநாயகக் கட்சியினர், 2017-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் சேர்த்துக் குடியரசுக் கட்சியினர். பட்ஜெட் சார்ந்த சில மசோதாக்களுக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும். மற்றவற்றில் கை வைக்க இரு கட்சியிலும் தயக்கம் உண்டு. நாளை தாங்களே சிறுபான்மையாகலாம் அல்லவா?