கீழ் வீட்டு மொழி

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். மகள் ஒன்பதாவது போகிறாள். பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். இவள் சைகை மொழி படிக்கணும் என்கிறாள். கீழ் வீட்டில் காது கேட்காத பெண் ஒருத்தி இருக்கிறாள். இவள் வயசுதான். அவளோடு பழகி வந்த ஆசை. அமெரிக்காவில் இதை வெளிநாட்டு மொழிப் பாடமாகவே ஏற்கிறார்களாமே? ஊமைப் பாஷையை ஒரு மொழியாகக் கணக்கில் எடுக்கலாமா? நம் பள்ளிகளிலும் வருமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 'ஊமைப் பாஷை'யை விட்டுவிடுங்கள். மகள் காதுபட இன்னொரு முறை சொல்லாதீர்கள். அந்தச் சொல்லோடு காலம் முழுக்க வாழ்ந்தவர் என் பெரியப்பா மகன். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கூப்பிட்டாலும் கேட்காதே என்று விட்டுவிட்டார்கள். உங்கள் கடிதம் வந்த அன்று காலையிலும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்கின்றன, உண்மைதான். இங்கேயும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி 2021இல் இந்திய சைகை மொழியை இடைநிலை வகுப்புக்கு மொழிப் பாடமாகக் கொண்டுவந்துவிட்டது. உங்கள் மகள் பள்ளியில் எப்போது வரும் என்பதைப் பள்ளியில் கேளுங்கள். மார்க்கைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

என்னை உறுத்துவது 'வெளிநாட்டு' என்ற சொல். சைகை உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இல்லவே இல்லை. 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது பாரிசிலிருந்து போய்க் கற்பித்தவர் லோரான் கிளேர். அவருக்கும் காது கேட்காது. அதனால் அமெரிக்கச் சைகைக்குப் பிரெஞ்சுச் சைகையோடுதான் உறவு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேச்சு இங்கிலீஷ்தான், ஆனாலும் லண்டன்காரர் சைகை அமெரிக்கருக்குப் புரியாது. உங்கள் மகள் யூட்யூபில் அமெரிக்கச் சைகையைக் கற்றுக்கொண்டு போனால் ஏ, பி, சி-யை ஒரு கையால் போடுவாள். கீழ் வீட்டுப் பெண் இரண்டு கையாலும் போடுவாள். நமக்கு வெளிநாட்டு மொழி அந்த அமெரிக்கச் சைகை. இங்கே உள்ளதில் பெண் என்று சொல்ல மூக்குத்தி போடும் இடத்தைத் தொடுகிறார்கள், ஆண் என்றால் மீசையை முறுக்குகிறார்கள். இதையா வெளிநாட்டு மொழி என்பது? தமிழை அப்படியே கையால் காட்டுவதும் அல்ல அது. 'என்ன', 'எங்கே' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வரும். வந்தானா என்று கேட்பதைப் புருவம் தூக்கிக் கேட்க வேண்டும். முகம் சும்மா இருந்தால் இலக்கணப் பிழை.

அண்ணனுக்குப் புதுவையில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோக்கும் வேலை. ஈய எழுத்துகளை ஒரு பிழை இல்லாமல் கோப்பார். ஆனால் வீட்டுக்கு அவர் எழுதும் கடிதத்தில் 'நான் நாளை பஸ் வா. அம்மா பணம் கொடு' என்றிருக்கும். அதை உரக்கப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவர் படித்த பள்ளியில் கையை அசைத்தால் புறங்கையில் ஸ்கேல் அடி விழும். உதட்டைப் பார், வாயால் சொல் என்பார்கள். 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில், பெரும்பாலும் காது கேட்கிறவர்களே கூடி, பள்ளியில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அது முதுநகர்ப் பையனின் புறங்கை வரைக்கும் வந்தது. சொல்லப்போனால் அண்ணனுக்கு வெளிநாட்டு மொழி தமிழ்தான். அதைப் பாதி கற்றுக்கொண்டு எங்களுக்குக் கடிதம் எழுதினார். நாங்கள் அவர் மொழியில் கற்றுக்கொண்டது சாப்பிடு, குளி, தூங்கு, வா, போ. அவ்வளவுதான். அதுவும் நாங்களாகக் கட்டிக்கொண்டது.

ஒரு ஞாயிறு சாயங்காலம் புதுவைக் கடற்கரையில், காந்தி சிலைப் பக்கம் விளக்குக் கம்பத்தடியில் அவரைப் பார்த்தேன். சுற்றி நண்பர்கள் ஐந்தாறு பேர். அண்ணன் ஏதோ கதை சொல்கிறார். கன்னம் உப்புகிறது, தோள் குலுங்குகிறது, விரல்கள் பறக்கின்றன. ஒருவர் சிரிப்புத் தாங்காமல் மதில்மேல் சாய்ந்துவிட்டார். அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. திடீரென்று கரண்ட் போயிற்று. கதை பாதியில் நின்றது. இருட்டில் யாரோ அண்ணன் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். மிச்சக் கதை அங்கே போயிருக்க வேண்டும்.

வெளிச்சம் வந்ததும் நான் கிட்டே போய், என்ன கதை என்று முகத்தாலேயே கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனார். சாப்பிட்டியா.

உங்கள் மகளைப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை நிறுத்தி வைக்காதீர்கள். இன்றைக்கே கீழ் வீட்டுக்கு அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள். அந்தப் பெண் சொல்லிக்கொடுப்பாள். நல்ல வெளிச்சமாகப் பார்த்து உட்காருங்கள்.