பித்தப்பை ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி ஒரு பச்சை ஊசி

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். காலையில் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். முதல் நாள் ராத்திரியே ஏதோ பச்சை மருந்து ஊசியில் போடுவார்களாம். எதற்கு இவ்வளவு முன்னதாக?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது இண்டோசயனின் கிரீன், டாக்டர்கள் 'ஐசிஜி' என்பார்கள். ஆபரேஷனில் பித்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்டத்தான் அது. ரத்தத்தில் கலந்ததும் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் அதை உறிஞ்சி, அப்படியே பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். சுமார் 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி பட்டால் மருந்து ஒளிரும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, தனிக் கேமராவுக்குத் தெரியும். திரையில் வரும் பச்சை நிறம் கருவி பூசுவதுதான்.

ஊசி போட்டு அரை மணியில் பார்த்தால் பித்தக்குழாயோடு கல்லீரலும் ஜெகஜோதியாக எரியும். எது குழாய் என்று பிரிப்பது சிரமம். சில மணி நேரம் போனால் கல்லீரல் மங்கி, குழாய் தனித்துத் தெரியும். ராத்திரி போட மறந்து மயக்கம் கொடுக்கும்போது போட்டால், கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் படம் சுமார்தான்.

அளவு கொஞ்சம்தான். 25 மி.கி. குப்பியை 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைத்து, அதில் 1 மி.லி., அதாவது 2.5 மி.கி. போடுவது பரவலான வழக்கம். சலைனில் கரைக்கக் கூடாது, மருந்து திரிந்துபோகலாம். கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

கேள்வி: பச்சை தெரிந்துவிட்டால் குழாய் தவறி வெட்டுப்படாதுதானே?
- வாசகர், கோவை

பதில்: அப்படி நம்பிவிடக் கூடாது. ஒளி அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான் ஊடுருவும். கொழுப்பு மண்டியிருந்தாலோ, பித்தப்பை அழற்சியில் தடித்திருந்தாலோ, வெட்ட வெட்டத்தான் குழாய் கண்ணில் படும். ஆபத்து அதிகமான ஆபரேஷனில்தான் ஒளி உதவாமல் போகிறது என்பது இதன் பெரிய குறை. பித்தப்பையைப் பொதுப் பித்தக்குழாயோடு இணைக்கும் பித்தப்பைக் குழாயில் கல் சிக்கியிருந்தால் மருந்து பைக்குள் போகாது. பை இருட்டாகவே இருக்கும். குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயில் கல் இருக்கிறதா என்பதற்கும் இதை நம்ப முடியாது; எம்ஆர்சிபி ஸ்கேனோ (பித்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ), எக்ஸ்ரே சோலாஞ்சியோகிராமோ (குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) வேண்டும்.

ஆகவே பழைய விதி அப்படியே இருக்கிறது: காலோ முக்கோணத்தில் (பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் நடுவே உள்ள இடம்) கொழுப்பையும் நார்த்திசுவையும் நீக்கி, பையின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பைக்குள் போவது இரண்டே இரண்டு, ஒரு குழாயும் ஒரு ரத்தக்குழாயும், என்று உறுதிசெய்த பிறகே கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அதற்கு வழி தெளிவாகவில்லை என்றால் பையின் மேல்பகுதியை மட்டும் எடுத்து நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ஒவ்வாமை வருமா?
- வாசகி, திருச்சி

பதில்: அரிது. மருந்தில் சோடியம் அயோடைடு சேர்ந்திருப்பதால், அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.